வண்டி யாரு ஓட்டுவா?

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய ஒரு மாதம் முழுவதும் என் குரல் சங்கரன்கோவில் தெருக்களில் ஆட்டோவில் சுற்றியது. மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி, பின்னால் ஒரு பிளெக்ஸ். காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம், வெயில் தாழ்ந்ததும் ரத வீதிகள். “எனக்கு வயது இருபது. நான் குடிப்பதில்லை. குடிக்கவும் மாட்டேன். இது என் வாக்கு. உங்கள் வாக்கு எங்கே?” என்று அந்தக் குரல் கேட்டுக்கொண்டே போகும்.

அது என்னைத் தேடி வந்த வேலைதான். கல்லூரியில் காலை இறைவணக்கம் முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பவன் நான். குடிக்கு எதிரான பிரச்சாரத்துக்குப் பொறுப்பாக இருந்த எங்கள் வணிகவியல் பேராசிரியர் ஒருநாள் என்னை ஒரு மைக்செட் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெருக்கதவைச் சாத்திவிட்டு, பதிவு செய்வதற்காக என்னைப் பேசச் சொன்னார். ஐந்தாவது முறை பேசியதும் பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார். வேர்வையோடு வெளியே வந்து ஆளுக்கொரு கலர் சோடா குடித்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனால் குடிக்கவே கூடாது என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவும் கிடையாது. யாரும் எனக்கு ஊற்றிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். வாக்கு என்று எழுதித் தந்தார்கள், வாசித்தேன்.

அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. வீட்டில் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. பின் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு மல்லியும் பிச்சியும் சம்பங்கியும் சாக்கில் கட்டி ஏற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரம் முடிந்தால் மாலை லோடு வரைக்கும் வண்டி சும்மா நிற்கும். ஆட்டோ சுற்ற ஆரம்பித்த பிறகு சாவியைக் கேட்டால் அப்பா எங்கே போகிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டார். மார்க்கெட்டில் மற்ற வியாபாரிகள் என்னை மைக்கு என்று கூப்பிட்டார்கள். அப்பா அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார், ஆனால் எடை போடுகிற கை ஒரு நொடி நிற்கும். அம்மா மட்டும் எதையும் மறைக்கத் தெரியாதவள். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். ஒருவன் விசைத்தறி வைத்திருப்பவரின் மகன். அவனைத் தறிக்காரன் என்போம். இன்னொருவன் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவன், கரிவலத்தான். மூன்றாமவன் எங்கள் தெருவே, எப்போதும் தறிக்காரன் சொல்வதற்குச் சிரிப்பவன். இந்த மூன்று பேரும் குடிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாசுதேவநல்லூர் தாண்டி, மலைக்குக் கீழே, தறிக்காரனின் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுக்கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு அங்கே போவோம். வண்டி ஓட்டுவது நான்.

கல்லூரி அரங்கில் அந்த மாதம் ஒரு கண்காட்சியும் வைத்தார்கள். நல்ல கல்லீரல், வீங்கிய கல்லீரல், கருத்துச் சுருங்கிய கல்லீரல் என்று ஆளுயரத்துக்குப் படங்கள். முதல் வரிசையில் நின்ற சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் ஆட்கள் அதன் முன்னால் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்துக்குப் பெயர் மாறிவிட்டது. “நாளைக்குக் கல்லீரல் பார்க்கப் போவமா?” என்று தறிக்காரன் போடுவான். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். நானும்தான்.

தோப்பில் என்ன நடக்கும் என்று முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் பாதி நினைவிருக்காது. தறிக்காரன் இரண்டாவது கிளாஸில் பாட ஆரம்பிப்பான். நான்காவதில் அழுவான். தறிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது போய்விட்டது, நாளைக்கு நானும் அதே ஷெட்டுக்குள்தான் நிற்கப்போகிறேன் என்று சொல்லி அழுது, தன் செருப்பின் மேலேயே வாந்தி எடுப்பான். நான் மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு அதைக் கழுவுவேன். எங்கள் தெருக்காரன் தென்னை மூட்டில் சாய்ந்து தூங்கிவிடுவான். கரிவலத்தான் வந்ததும் வராததுமாக இரண்டு கிளாஸை மடமடவென்று குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆனால் திங்கட்கிழமை கல்லூரிக் கேண்டீனில் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒன்றாக வெளியே வரும். தறிக்காரன் பிரமாதமாகக் கதை சொல்வான். அவன் அழுதது அதில் இருக்காது. தோப்புக்குள் வந்த யாரோ ஒருவனை மிரட்டி விரட்டியது இருக்கும். கரிவலத்தானின் மௌனம் பெரிய கெத்தாகிவிடும். சுற்றி இருக்கும் பத்துப் பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அதில் முதலாம் ஆண்டுப் பையன்கள் சிலர், நாங்களும் ஒருநாள் வரட்டுமா என்பதைக் கண்ணாலேயே கேட்பார்கள்.

விசித்திரம் என்னவென்றால், நேரில் பார்த்த எனக்கே அந்தக் கதைகள் பிடித்துப்போயின. செருப்பைக் கழுவிய கை என்னுடையது. ஆனாலும் திங்கட்கிழமை அவன் சொல்லும்போது, ஐயோ நான் எதையோ தவறவிட்டுவிட்டேனே என்று தோன்றும். எல்லாக் கதையிலும் நான் வருவேன், ஒரே வரியில். “இவன் வண்டிய எடுத்தான், வந்துட்டோம்.” அந்த வரியைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் குடிக்க ஆசை வந்தது. சாராயத்தின் மேல் இல்லை. அந்தக் கதைக்குள் போவதற்கு.

அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்தது. வீட்டில் சொல்ல முடியாது. கல்லூரியில் பேராசிரியரிடம் சொல்ல முடியாது. நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். குடியைப் பற்றி ஊரிலேயே அதிகம் பேசியவன் நான். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாதவனும் நான்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு ஞாயிறு காலை கரிவலத்தானின் அம்மா எனக்கு போன் செய்தார்கள். மகன் எங்கேயோ போகிறேன் என்கிறான், யார் யார் போகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, “நீ கூட இருக்கியாய்யா? அப்ப சரி, எனக்குக் கவலை இல்ல” என்று வைத்துவிட்டார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மற்ற இரண்டு வீட்டிலும் இதே கதைதான் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் குடிக்க மாட்டேன் என்று ஊருக்கே சொன்னதுதான் அவர்கள் மூன்று பேரும் குடிப்பதற்கு வீட்டில் கிடைத்த அனுமதிச்சீட்டு. நான் போகாவிட்டால் அவர்கள் போக முடியாது. போகவில்லை என்றால் எனக்கு வேறு நண்பர்கள் கிடையாது.

அடுத்த ஞாயிறு குடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். யோசித்து நானாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

தோப்பில் வழக்கமான இடத்தில் தார்ப்பாயை விரித்தோம். காற்று நன்றாக அடித்தது, மலையில் மேகம் இறங்கியிருந்தது. தறிக்காரன் மூன்று பிளாஸ்டிக் கிளாஸை வைத்து ஊற்றினான். எனக்கு ஒரு கலர் பாட்டிலைத் தள்ளினான். நான் அதைத் தொடாமல், எனக்கும் ஊற்று என்றேன்.

எங்கள் தெருக்காரன் சிரித்தான். தறிக்காரன் சிரிக்கவில்லை.

“வண்டி யாரு ஓட்டுவா?” என்று கேட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம், தெளிந்ததும் ஓட்டுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றான். விளையாட்டுக்கு மறுக்கிறான் என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. நீயெல்லாம் குடிக்கக் கூடாது என்று ஆரம்பித்தான். எங்க அம்மாகூட உன்னைத்தான் சொல்லிக் காட்டுகிறாள், அவனைப் பார், அவன் குரலைக் கேள் என்கிறாள், அதை வைத்துத்தான் நான் வீட்டிலிருந்து வெளியே வருகிறேன், நீ குடித்தால் எல்லாம் போச்சு என்றான். பேசப் பேசக் கோபம் ஏறியது. கடைசியில் பாட்டிலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

குடிக்காதே என்று என் முகத்துக்கு நேரே உண்மையான பதற்றத்தோடு எனக்குச் சொன்ன முதல் ஆள் அவன்தான் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் கரிவலத்தானின் கிளாஸ் இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்திருந்தான், இன்னும் வாயில் வைக்கவில்லை. அதைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன். தொண்டையும் மூக்கும் சேர்ந்து எரிந்தன. கண்ணில் நீர் வந்தது. அடுத்து தறிக்காரனின் கிளாஸையும் எடுத்துக் குடித்தேன். அவன் தடுக்க நினைத்துக் கை நீட்டுவதற்குள் முடித்துவிட்டேன்.

நான் உள்ளே போக ஆசைப்பட்ட கதை எதுவும் அங்கே இல்லை. வயிறு சூடானது. பிறகு தென்னைகள் லேசாக நகர்ந்தன. தறிக்காரன் என்னைத் திட்டிக்கொண்டே பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தெருக்காரனோடு பங்கிட்டுக் குடித்தான். கரிவலத்தானுக்கு அவன் ஊற்றவில்லை. கரிவலத்தானும் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு அப்பா போன் செய்தார். சாயங்கால லோடு சீக்கிரம் வருகிறதாம், ஐந்து மணிக்குள் வண்டி வேண்டும் என்றார். சரி என்று மட்டும் சொன்னேன். ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். எழுந்து வண்டிவரைக்கும் நடந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தறிக்காரன் தார்ப்பாயில் படுத்துவிட்டான். அவனையும் தெருக்காரனையும் நம்பிப் பயனில்லை. அவர்களுக்கு ஓட்டவே தெரியாது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். பஸ் ஏறிப் போகலாம், ஆனால் வண்டி தோப்பில் நிற்கும், அப்பா மார்க்கெட்டில் பூவோடு நிற்பார். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான் இருந்தது.

கரிவலத்தான் வந்து பக்கத்தில் நின்றான். “சாவியத் தாலே. நான் ஓட்டுதேன்” என்றான்.

அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிராக்டர் ஓட்டுவான், அவர்கள் வயலில். லைசென்ஸும் கிடையாது. அது தப்பு என்று இப்போது தெரிகிறது, அப்போதும் தெரிந்தது. ஆனால் எங்கள் நான்கு பேரில் அன்று குடிக்காதவன் அவன் மட்டும்தான், அதுவும் என்னால்.

மற்ற இருவரையும் பின்னால் ஈரச் சாக்குகளின் மேல் ஏற்றினோம். கரிவலத்தான் கிளட்சை டிராக்டரில் மிதிப்பதுபோல மிதித்தான். வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. இரண்டாவது கியருக்கு மேல் அவன் போகவில்லை. புளியங்குடி வழியாக ஊர் வந்து சேரும்வரை எங்களை சைக்கிள்கள் தவிர எல்லா வண்டியும் முந்திப் போனது. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். கீழே அந்தச் சூடு, வயிற்றுக்குள் இந்தச் சூடு, பின்னாலிருந்து வாடிய பிச்சியின் வாசனை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டேன்.

புளியங்குடி தாண்டியதும் அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

“நல்லவேளை மக்கா, என் கிளாஸ நீ எடுத்த. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அவன் சொன்னான். ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதாம். மருந்து குடிப்பது மாதிரி வேகமாகக் குடித்து முடித்துவிட்டால் பிறகு யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்கள் என்பதற்காகத்தான் வந்ததும் இரண்டு கிளாஸை இறக்கிவிடுவானாம். அதைத்தான் தறிக்காரன் திங்கட்கிழமை கெத்து என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் ஏன் வருகிறாய் என்றேன்.

“வராம எங்கன போக? உனக்கு ஒரு காரணம் இருக்கு. மைக்குல சொல்லிட்டேன், குடிக்க மாட்டேன்னா விட்டுருதானுக. நான் என்ன காரணம் சொல்ல? பிடிக்கலன்னு சொன்னா அது ஒரு காரணமாலே?”

இத்தனை நாளாக நான் அவன் கிளாஸைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன். அவன் என் வாக்கைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு. அந்த ரோட்டில், அந்த வேகத்தில், நாங்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் குடியைப் பற்றிப் பேசினோம். அதுவரை எங்கள் கூட்டத்தில் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்கு நாக்கு குழறியது. அவன் கியர் மாற்றும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினான். எனக்கு ஏன் ஆசை வந்தது என்று சொன்னேன். கேண்டீன் கதை அவனுக்கே அவனைப் பிடிக்கவைத்தது என்று அவன் சொன்னான். அந்தக் கதை கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இரண்டு ஞாயிறு கூடுதலாக வந்தானாம்.

மற்ற இருவரையும் அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. அப்பா வாசலிலேயே சாக்குகளோடு நின்றார். டிரைவர் பக்கம் வந்தவர் ஸ்டியரிங்கில் கரிவலத்தானைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் கதவைத் திறந்தேன். என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவு நெருக்கத்தில் எந்தப் பூ வாசனையும் உதவாது.

“இறங்கு. லோடு ஏத்தணும்” என்றார்.

நான் சாக்குகளைத் தூக்கினேன். ஒன்று கைநழுவி மல்லி தரையில் கொட்டியது. அப்பா குனிந்து அள்ளினார். மார்க்கெட் ஆட்கள் எட்டிப் பார்த்தபோது, வெயிலில் சுற்றிவிட்டு வந்திருக்கிறான் என்று அவராகவே சொன்னார். கரிவலத்தானிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று விசாரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. மயக்கம் இறங்கும்வரை கடைக்குப் பின்னால் சாக்கு மேல் உட்காரவைத்தார்.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை கடையில் தனியாக இருந்தபோது, தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “உங்க அம்மாட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாத. அந்த ஆட்டோ இன்னும் ஊருக்குள்ள சுத்துதுல்லா.” அவர் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைக் காப்பாற்றவில்லை, ஆட்டோவில் போகிற அந்த இன்னொருவனைக் காப்பாற்றினார். அவனுக்காக நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மதியமே பேராசிரியரைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லி, என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஆட்டோவை மாதக் கடைசிவரை பேசியாகிவிட்டது, இப்போது புதிதாகப் பதிவு செய்ய முடியாது, ஒரு தடவை நடந்துவிட்டது, இனிமேல் நடக்காது, யாருக்குத் தெரியும், உனக்கும் எனக்கும்தானே என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அடுத்த வாரம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களிடம் நீ பேச வேண்டும், பேச்சு எழுதி வைத்திருக்கிறேன், வாசித்தால் போதும் என்றார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “நல்ல குரல் தம்பி, வீணாக்கிராத” என்றார். காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளியில் நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசித்தேன். ஆட்டோவில் கேட்ட அதே குரல் என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். பாதிக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. எனக்கே நான் வாசிப்பது கேட்கவில்லை. முடிந்ததும் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். நாலைந்து சீட்டு வந்தது. முதலாவது மார்க் எப்படி எடுப்பது என்பது. இரண்டாவதில், “அண்ணா நீங்கள் குடித்திருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லவும்” என்று இருந்தது. உண்மை என்பதன் கீழே இரண்டு கோடு.

அதை மடித்துப் பைக்குள் வைத்திருக்கலாம். அதைவிட எளிதான காரியம் இல்லை. ஆனால் சத்தமாக வாசித்துவிட்டேன், அதன் பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஒரு தடவை. போன வாரம்” என்றேன்.

பிறகு சீட்டு எழுத யாருக்கும் பொறுமை இல்லை. எழுந்து எழுந்து கேட்டார்கள். எப்படி இருந்தது, ஏன் குடித்தீர்கள், வீட்டில் தெரியுமா, கூட்டாளிகள் கூப்பிட்டால் என்ன சொல்ல. என்ன பிராண்டு என்று ஒருவன் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பையன் எழுந்து நின்று, பிடிக்காது என்று சொன்னால் விடமாட்டேன் என்கிறார்களே என்றான். என் கூட்டாளி ஒருவனும் இதையேதான் சொன்னான் என்று நான் ஆரம்பித்தபோது, ஓர் ஆசிரியர் மேடைக்கு வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நேரமாகிவிட்டது, எல்லோரும் உறுதிமொழிக்கு எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்து நின்றார்கள். என்னையும் கை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன்.

நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிட்டான் என்று பள்ளியிலிருந்து பேராசிரியருக்கு போன் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு காலை அறிவிப்பு வாசிக்க வேறொரு பையன் வந்தான். ஆட்டோ மட்டும் மாதக் கடைசிவரை சுற்றியது. அந்தப் பிளஸ் டூ பையன்களில் ஒருவன் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, அவன் மூலமாக அம்மாவுக்கு இரண்டே நாளில் விஷயம் போய்விட்டது. அவள் என்னிடம் சண்டை போடவில்லை. அப்பாவுக்கு முன்னாலேயே தெரியும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் ஒலிபெருக்கிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது வாசலுக்கு வராமல் அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் இருவரும் நிமிரவில்லை. அப்புறம் அவள் கேட்டாள்.

“குடிச்சா என்னய்யா கிடைக்கும்னு நினைச்ச?”

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஏன் செய்தாய் என்பார்கள், வெட்கமாக இல்லையா என்பார்கள். அவள் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். கேண்டீனைப் பற்றி, தறிக்காரன் கதைகளைப் பற்றி, ஒரே வரியில் வரும் என்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். பாதி அவளுக்குப் புரியவில்லை. முழுசாகக் கேட்டாள்.

அந்த ஞாயிற்றிலிருந்து வண்டி கிடைக்காது என்று குழுவில் போட்டேன். அதன் கீழே கரிவலத்தான், இவன் இல்லாமல் எங்கள் வீட்டில் என்னை விடமாட்டார்கள் என்று போட்டான். அது முழுக்க உண்மை இல்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதைவிட அது செல்லுபடியான காரணமாக இருந்தது. தறிக்காரன் எங்கள் இருவரோடும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு கார் வைத்திருக்கும் வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமைக் கதைகள் நிற்கவில்லை. நானும் கரிவலத்தானும் அடுத்த மேசையில் உட்கார்ந்து கேட்போம். உண்மை எப்படி இருக்கும் என்று தெரிந்தும் சில திங்கட்கிழமைகளில் எனக்கு நாக்கு ஊறியது. அதை அவனிடம் சொல்வேன். அவனுக்கும் ஊறுகிறது என்பான். இரண்டு பேரும் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவோம்.

இது எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தறிக்காரன் இப்போது ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஞாயிறு மட்டும்தான் குடிக்கிறேன் என்கிறான், கதை சொல்வது இன்னும் குறையவில்லை. கரிவலத்தான் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அங்கே அறையில் ஆறு பேர். போன புதிதில் திரும்ப ஆரம்பித்து, ஒரு வருடம்போலக் குடித்து, பிறகு அறையை மாற்றிக்கொண்டு நிறுத்தினான். நான் ஊரிலேயே அப்பாவின் கடையில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் ஆட்கள் ஒவ்வொருவராக மாடிக்கு எழுந்து போகும்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அண்ணாச்சி தொடமாட்டாக என்று எனக்காக வேறு யாரோ சொல்லிவிடுகிறார்கள். நான் தொட்டதும் உண்டு என்று திருத்திச் சொல்ல அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இந்த ஊரில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

கரிவலத்தான் விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டுவிட்டு போன் செய்வான். சூப்பர்வைசர், மழை, அவன் வயலில் போட்ட பயிர், எங்கள் மார்க்கெட்டில் பிச்சி வரத்து என்று ஒன்றுமில்லாததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். போன வாரம் பேச்சு முடிந்த பிறகும் அவன் வைக்கவில்லை. பக்கத்து அறையில் சிரிப்பும் பாட்டும் கிளாஸ் மோதும் சத்தமும் கேட்டது. என்னலே சத்தம் என்றேன். கூப்பிடுதானுக என்றான். சரி, வேற சொல்லு என்றேன். வேற என்ன என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.